இடப்பக்கம் ஒரு கதவு

20 ஆகஸ்ட் 2009
எங்கள் பேருந்தின் கதவு வலப்பக்கம் இருக்கிறது. செப்டம்பர் ஏழு முதல் சமோவா முழுவதும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓட வேண்டும். அப்படியென்றால் எங்கள் ஆட்கள் இறங்குவது நடுரோட்டில்.

இடப்பக்கம் கதவு வெட்டினால்தான் அனுமதி. இல்லையென்றால் வண்டி கொட்டகையில். அப்பா கொட்டகையே மேல் என்கிறார். சலேலொலோகா சந்தைக்கு ஊரிலிருந்து வேறு பேருந்து கிடையாது.

21 ஆகஸ்ட்
அப்பா இன்றும் கத்தினார்: "பொறந்ததுலேர்ந்து வலப்பக்கம் ஓட்டுறேன். எவனோ ஆபீஸ்ல உட்கார்ந்து மாத்துன்னா மாத்திடணுமா?"

பிறந்ததிலிருந்தா? 

26 ஆகஸ்ட்
லோசா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிறாள். உட்காரக்கூட இல்லை. அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்:

"எட்டுவாலே, கதவு வெட்டுறியா, இல்ல என்னைக் கிழங்கோட சேர்த்து முதுகுல தூக்கிட்டுப் போறியா?"

அக்கா பேச்சைத் தம்பி தட்டுவது இங்கே நடக்காத காரியம்.  ரம்பம் யாரிடம் இருக்கிறது என்று அப்பா கேட்டார்.

29 ஆகஸ்ட், சனி
வெட்டியாயிற்று. பெரியப்பா மகன் விலியாமு அண்ணன் பழைய கதவை அளந்து, அதற்கு நேர் எதிரே, அதே அளவில் வெட்டினான். அழகான வேலை.

நேர் எதிரே இருப்பது ஓட்டுநர் இருக்கை.

காலையிலிருந்து ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டம் வாங்கிய நான் உட்பட.

அப்பா ஏறி உட்கார்ந்தார். புதுக் கதவு நிறைய அவர்தான் தெரிந்தார்.  கூட்டமானால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போவது எங்கள் பேருந்து வழக்கம். அத்தை சொன்னாள்: "நல்லதாப் போச்சு. முதல்ல ஏறுறவ டிரைவர் மடியிலயே உட்கார்ந்துக்கலாம்."

அப்பா சிரித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எத்தனை வாரமாயிற்று! பிறகு இறங்கி, ரம்பத்தைத் தானே வாங்கி, இருக்கைக்குப் பின்னால் கோடு போட்டார்.

4 செப்டம்பர்
அதிகாரி வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். தப்பாக வெட்டிய இடத்தில் பாதிக்குப் பலகை அடித்திருக்கிறோம். இந்த ஓட்டை எதுக்கு என்றார். காத்துக்கு என்றார் அப்பா. அனுமதி ஒட்டியாயிற்று.

7 செப்டம்பர், திங்கள்
காலை ஆறு. வானொலி சொன்னதும் வண்டிகளெல்லாம் நின்றன. மெல்ல, மிக மெல்ல, மறுபக்கம் நகர்ந்தன. தேவாலய மணி.

ஊரே காத்திருந்தது — பழைய பக்கத்தில். அப்பா இந்தப் பக்கம் நிறுத்தி ஹாரன் அடிக்க, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, சாலையைக் கடந்து ஓடிவந்தார்கள். இந்த மாற்றத்துக்காக நாடு முழுக்க விடுமுறை. சந்தையும் இல்லை. சும்மா ஏறினார்கள், இடப்பக்கம் போவது எப்படி இருக்கிறதென்று பார்க்க. வழியெல்லாம் பாட்டு.

அப்பா நத்தை வேகத்தில் ஓட்டினார். பயமா இருக்காப்பா?

"பேசாம வா. ரோடு தப்பான பக்கத்துல இருக்கு."

10 செப்டம்பர்
சந்தைக்கு நான்கு நடை ஓடியாயிற்று.

18 செப்டம்பர்
படகுத்துறை வளைவில் ஒரு டாக்சி மறந்துபோய் வலப்பக்கம் ஏறி வந்தது. அப்பா பிரேக் போட்டு, அந்தக் காத்து ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார்.

"டேய், இடப்பக்கம் போடா. காலங்காலமா நாங்கல்லாம் எப்படி ஓட்டுறோம்?"

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.