ஐ.சி.யு.வில் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள்

2 ஜூன், ஞாயிறு

வெயில். காலையிலேயே மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. யூனிஃபார்ம் இரண்டு செட் துவைத்துக் காயப்போட்டாயிற்று. நாளை முதல் ஐ.சி.யு. ஒரு வாரம் மட்டும். அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா, பிரசவ வார்டுக்கே திருப்பி அனுப்புவதா என்று ஐ.சி.யு. இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர் முடிவு செய்வார்.

"பாக்கலாம்" என்றார். அது எப்படிப்பட்ட "பாக்கலாம்" என்று தெரியாதா எனக்கு. பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பார்களே, அது.

முதலில் சொன்னது இன்னும் மோசம். "அனுபவம் இருக்கறவங்களத்தான் எடுப்போம் நிர்மலா." எடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? மணிமுத்தாற்றில் ஓடுகிறதா? அதில் தண்ணீரே ஓடவில்லை.

வீட்டுக்காரர் காலையிலிருந்து ஒரே பாட்டு. "கொழந்த பொறந்தா சக்கரை குடுப்பாங்க. கைராசிக்கார நர்சுன்னு ஊருல பேரு இருக்குது. அங்க போனா யாரு என்னா குடுப்பா? ஆளு போயிட்டா உன் மேலதான் பாய்வாங்க." சாம்பாரில் உப்பு இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. பாதி வேண்டுமென்றுதான்.

படிக்க வேண்டியவை:
வென்டிலேட்டர் அலாரம், எது எதற்கு.
மருந்து பம்ப் கணக்கு.
ஈ.சி.ஜி. (காலேஜில் படித்தது. சுத்தமாக மறந்துவிட்டது.)
அங்கே யார் முன்னாலும் அழாமல் இருப்பது.

3 திங்கள்

மானம் போன நாள்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். படுக்கைகள் நிறைய, நர்ஸ் குறைவு. டிரிப் போட்டதும் கூட இருக்கும் அம்மாவிடமோ மாமியாரிடமோ சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடுவோம். அவர்கள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வருஷக்கணக்கில் வாயில் ஊறிப்போன வசனம்.

இன்று ஐ.சி.யு.வில் வேப்பூர்க்காரர் ஒருவர். ஹைவேயில் லாரி இடித்துத் தலையில் அடி. வாயில் குழாய், நினைவில்லை, மூச்சை மிஷின்தான் விடுகிறது. அவருக்கு பாட்டில் மாற்றினேன். மாற்றிவிட்டு அவரிடமே சொன்னேன்: "முடியற மாதிரி இருந்தா ஒரு கொரலு குடுங்க."

பக்கத்துப் படுக்கையில் இருந்த நர்ஸ் ராஜி சுவரில் சாய்ந்து சிரித்தாள். என்னைவிடச் சின்னவள். மத்தியானத்துக்குள் கேன்டீன் வரைக்கும் போய்விட்டது. டீ ஊற்றுகிறவர்கூட, "சிஸ்டர், டீ முடிஞ்சா கொரலு குடுங்க" என்கிறார்.

ஸ்டெல்லா சிஸ்டர் சிரிக்கவில்லை. "இங்க கூட இருக்கறவங்கன்னு யாரும் கெடையாது. நீதான்" என்றார். சிரித்திருந்தாலே தேவலை.

சிரிக்கட்டும். நாளைக்கும் போவேன்.

4 செவ்வாய்

புழுதிக்காற்று. பஸ்ஸில் இடமில்லை, ஜங்ஷன் வரைக்கும் நின்றே வந்தேன்.

வீட்டுக்காரர் செராமிக் பொம்மைக் கம்பெனியில் சூளை வேலை. ராத்திரி சாப்பிடும்போது சமாதானம் செய்கிறாராம்: "எங்க சூளையிலயும் மீட்டரு இருக்குது. பழகிட்டா ஒண்ணும் இல்ல." அவருக்கு நல்ல மனசுதான். ஆனால், "உங்க சூளையில ஒடஞ்சா வேற பொம்மை செஞ்சுக்குவீங்க" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அப்பளம் இன்னொன்று வைத்தேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டார். சொன்னேன். நல்லூர்ப் பெண் ஒருத்தி, பிரசவம் முடிந்து வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரி வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் மானிட்டர் கத்தியது. எதற்குக் கத்துகிறது என்று எனக்குப் புரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டே போனேன். அவள் பிழைத்தாள். இப்போது அந்தக் குழந்தை ஓடுகிறது. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. கத்துகிற பாஷை தெரியாமல் எதற்கு இந்த வெள்ளைச் சட்டை?

தட்டை அவரே கழுவினார்.

6 வியாழன்

நேற்று எழுதவில்லை. கால் வலி.

சக்‌ஷன் (குழாய்க்குள் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது) தனியாகச் செய்தேன். முடித்துக் கையுறையைக் கழற்றினேன்.

வேப்பூர்க்காரர் மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே. "கண்ணத் தொறந்தாராம்மா?" இன்னும் இல்லை என்றேன். பிரசவ வார்டில் என்னிடம் எப்போதும் ஒரு நல்ல செய்தி இருக்கும். இங்கே வெறுங்கை. அதையும் பழக வேண்டும்.

வாங்க வேண்டியவை: நீலப் பேனா, சாக்ஸ், முட்டை.

7 வெள்ளி

ஐ.சி.யு. கையைவிட்டுப் போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் புது கேஸை அழைத்துவர லிஃப்ட் பக்கம் போயிருந்தார். போன் அடித்தது. டாக்டர். "அந்த வேப்பூர் கேஸுக்கு பி.பி. மருந்து ஓடுதில்ல, ரெண்டு ஏத்து."

"ரெண்டுன்னா எந்தக் கணக்குல சார்? எனக்கு இது இன்னும் கத்துத் தரல. ராஜிகிட்ட குடுக்கறேன்."

"இதுகூட தெரியாம அங்க எதுக்கு நிக்கிற?"

"கத்துக்கத்தான் சார் நிக்கறேன்."

குரல் நடுங்காமல் சொன்னேன், அது ஒன்றுதான் பெருமை. ராஜி ஓடிவந்து போனை வாங்கினாள், அளவைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டாள், ஏற்றினாள். இந்த முறை சிரிக்கவில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது எல்லார் முன்னாலும் சிஸ்டரிடம், "தெரியாத ஆளையெல்லாம் வெச்சிக்கிட்டு என்ன பண்றீங்க" என்றார். சிஸ்டர் அடுத்த படுக்கையின் சார்ட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். வார்டில் வைத்திருக்கும் என் டம்ளரை ஐ.சி.யு.வுக்கு எடுத்துவராதது நல்லதாகப் போயிற்று.

ஆனாலும் ஒன்று. மறுபடி அதே போன் வந்தாலும் அதையேதான் சொல்வேன். தெரிந்த மாதிரி தலையாட்டிப் பட்டனை அழுத்த என்னால் முடியாது. அனுப்பினால் அனுப்பட்டும். அடுத்த மாதம் மறுபடி போய்க் கேட்பேன். அதற்கடுத்த மாதமும்.

8 சனி

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை.

கடைசி நாள். முடிவு இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் அந்த பி.பி. மருந்து ஓடும் பம்ப் முன்னால் ஸ்டெல்லா சிஸ்டர் என்னை நிறுத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தப்பாகப் போட்டேன். மறுபடி போட்டேன். சரி.

இந்த வாரம் முழுக்க அவர் வெளியே போய்ச் சாப்பிட்டதே இல்லை. என்னை நம்பி விட்டுவிட்டுப் போக மாட்டார். உள்ளறையில் கதவைத் திறந்துவைத்து, நின்றபடியே டிஃபன் பாக்ஸ். இன்று மத்தியானம் டிஃபன் பாக்ஸோடு என்னிடம் வந்தார்.

"அந்தப் பக்கம் ராஜி பாத்துக்குவா. இந்த ரெண்டு பெட்டும் இனிமே உன்னோடது."

"டாக்டர் நேத்து சொன்னாரே சிஸ்டர்."

"சொன்னாரு. தெரியும்னு பொய் சொல்றவள வுட்டுட்டு என்னால சோறு திங்க முடியாது. ஒன்ன வுட்டுட்டு திங்கலாம். கேன்டீன்ல இருக்கறேன்."

செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. இரண்டு படுக்கைகள். நான் உட்காரவில்லை.