நீ உரிக்க விடாத நீலத் தாள்

நேற்றுக் காலை உன் செடி வீட்டுக் கதவைத் தள்ளினேன். வெந்த பிளாஸ்டிக் நாற்றம் முகத்தில் அடித்தது. சுவரும் கூரையுமான பிளாஸ்டிக் பலகைகளின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய நீலத் தாள், ஒரு வருட வெயிலில் தீய்ந்து, பாதி ஒட்டிக்கொண்டும் பாதி தொங்கிக்கொண்டும் கிடந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது. அங்கேயே நின்று உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத்தான் திட்டினேன். நிழலில் படுத்திருந்த தெரு நாய் எழுந்து போய்விட்டது.

செத்துப் போனவளைத் திட்டக் கூடாதாம். சொல்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது.

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஒரே ஊரில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் நாலாவதோடு நின்று சித்தாள் வேலைக்குப் போனேன். நீ படித்துக்கொண்டே போய் நர்ஸானாய். செங்கல்பட்டில் அத்தனை வருடம் ஊருக்கே ஊசி போட்டாய். ரிட்டயர் ஆனதும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் வீடு கட்டினாய். உன் வீட்டுக்காரர் அதில் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. பெண் லண்டன் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். அப்புறம் உனக்குத் தோட்டமும் நானும்தான்.

பெண்ணைப் பார்க்கப் போய்விட்டு வந்த கையோடு இந்தப் பைத்தியம் பிடித்தது உனக்கு. போனில் ஒரு படத்தைக் காட்டினாய்.

"இன்னாடி இது? இட்லி குண்டானுக்கு ஜன்னல் வெச்சா மாதிரி கீது?" என்றேன்.

"செடிக்கு வூடுடி. அங்க எல்லார் தோட்டத்துலயும் கீது."

"அங்க குளிரு. நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு? கத்திரிக்காய செடியிலயே வேக வெச்சு எடுக்கப் போறியா?"

நீ கோபித்துக்கொள்ளவில்லை. வார்டில் மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் விளக்கினாய். உப்புக் காற்றில் நாற்றெல்லாம் கருகுகிறது, தப்பியது ஐப்பசி மழையில் அழுகுகிறது. கூரையில் ஜன்னல் வைத்து, பக்கத்திலும் திறந்துவிட்டு, மேலே பச்சை வலை போட்டுவிட்டால் சூடு தங்காது. சரி, மகாராணி சொன்னால் சரி.

இரண்டு மாதம் தேர்ந்தெடுத்தாய். உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட உங்கள் வீட்டில் அவ்வளவு யோசிக்கவில்லை. கண்ணாடியா என்றாய். தென்னை மட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே காட்டினேன். அதனால் பாலிகார்பனேட், உடையாத பிளாஸ்டிக் பலகை. அதன் கனம் நாலு மில்லியா ஆறு மில்லியா என்று ஒரு வாரம். நாலு மில்லி கடற்காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்று ஆறு மில்லி, உள்ளே காற்று ஓட்டை விட்ட இரட்டைப் பலகை. சட்டத்துக்கு இரும்பு போதும், மலிவு என்றாய். உன் வீட்டு கேட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். துரு கையோடு வந்தது. அலுமினியம் என்று முடிவானது. இப்படி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, ஆபத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி வாங்கியவள் நீ. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

லாரிக்காரன் பெட்டிகளைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். முதல் நாள் அடித்தளம் போட்டோம். நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் படித்தாய், நாலு மூலையும் சரியான கோணத்தில் இருக்க வேண்டுமாம், அதற்கு ஏதோ கருவி வேண்டுமாம். நான் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தேன். இந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பிடித்து ஒரு முடிச்சு. மற்ற இரண்டு மூலைக்கும் அதே கயிறு. முடிச்சு நாலு விரல் தள்ளி நின்றது.

"அந்தப் பக்கம் இழு. இன்னும் இழு. ஊசி போடும்போது மட்டும் கை பலமா இருக்கும், இப்ப எங்க போச்சு?"

முடிச்சு சரியாக வந்து உட்கார்ந்ததும் நீ வாயைப் பிளந்தாய். "நாலாவது படிச்சவளுக்கு இத யாருடி சொல்லிக் குடுத்தது?"

"மேஸ்திரி வாயில வாங்கின திட்டு."

இரண்டாம் நாள் சட்டம் நின்றது. திருகாணிகளை அளவு வாரியாகச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி வைத்திருந்தாய். ஆஸ்பத்திரி புத்தி. நான் வேண்டுமென்றே இரண்டு கிண்ணத்தைக் கலந்துவிட்டேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க என்னைத் துரத்தினாய். அறுபது தாண்டிய கிழவி அப்படி ஓடினாய். அதனால்தான் மறுநாள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

மூன்றாம் நாள் பலகை மாட்டினோம். நீலத் தாளில் எழுத்து அச்சடித்த பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும், மாற்றி மாட்டினால் சீக்கிரமே மஞ்சளித்துப் போகும் என்று படித்துச் சொன்னாய். நான்கு பலகை ஆனது. திரும்பிப் பார்த்தால் நீ கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாய். ரவிக்கை முழுக்க நனைந்திருக்கிறது. இடது தோளிலிருந்து தாடை வரை கையால் நீவிக்கொண்டே இருக்கிறாய்.

"இன்னா ஆச்சு?"

"கேஸ்டி. காலைல பூரி துன்னேன்."

அப்போது நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் போகிறேன். "தூக்கற வேலை வந்தா மட்டும் உனக்கு கேஸ் வந்துடும். பென்ஷன் வாங்கற உடம்புக்கு நோவுகூட நேரம் பார்த்து வருது. எழுந்திரு நர்ஸம்மா, நடிச்சது போதும்."

நீ சிரித்தாய். ஏன் சிரித்தாய்? அந்தச் சிரிப்புக்காகத்தான் உன்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம். என் வீட்டுக்காரர் ஒரு நாள் தாடை வலிக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பல்லாக இருக்கும் என்றேன் நான். "வேர்க்குது, தாடை வலிக்குதுன்னு சொல்றாரு, பல்லாம்! அறிவு கீதாடி உனக்கு?" என்று என்னைத் தள்ளிவிட்டு, நீயே ஆட்டோ பிடித்து அவரை இழுத்துக்கொண்டு போனாய். மாரடைப்பு என்றார்கள். இன்றைக்கு அவர் உயிரோடு உட்கார்ந்து காபியில் சர்க்கரை இல்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறார். அந்தக் கண், அந்த மூளை, உன் உடம்பு என்றதும் எங்கே போனது? எனக்குத்தான் தெரியாது. நான் மண் சுமந்தவள். உனக்குத் தெரியுமே. தெரிந்த நீ, தெரியாத என்னிடம் கேஸ் என்று சொல்லி, என் கிண்டலைக் கேட்டு எழுந்து வந்து, கூரைப் பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாயே. இன்னும் மூன்று பலகை பிடித்தாயே!

சாயங்காலம் நான் நீலத் தாளை உரிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாய். "மாட்டினதும் உரிக்கணும்" என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நீயேதான் படித்தாய். ஆனாலும் விடவில்லை. உன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் கடைக்காரன் ஒட்டிய கவர். டி.வி. ரிமோட்டுக்குச் சட்டை. காரின் சீட் மேல் பிளாஸ்டிக் உறை, உட்கார்ந்தால் தொடை ஒட்டும்.

"இருக்கட்டும்டி, புதுசா இருக்கட்டும். பொங்கலுக்குப் பொண்ணு வருவா, அவ கையால உரிக்கட்டும்."

"அதுக்குள்ள இது வெயில்ல ஒட்டிக்கும்."

"உன் வாயக் கழுவு."

மறுநாள் காலை பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் பெண் விமானம் பிடித்து வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "அத்தை, நீங்கதானே அன்னைக்குக் கூட இருந்தீங்க. அம்மா வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. சிரிச்சுகினே இருந்தா" என்றேன்.

உன் வீட்டில், உன் பெண்ணின் முகத்தைப் பார்த்து, பொய். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் எனக்கு போன் செய்தாள். கடைசி நாள் அம்மா சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் அவளுக்கு ஆறுதலாம். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஆமாம்மா என்பேன். போனை வைத்துவிட்டு உன்னைத் திட்டுவேன். பொய் சொன்னது நான், திட்டு உனக்கு. அதில் எனக்கு வெட்கம் இல்லை. என்னை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனது நீதான்.

உன் வருஷத் திதிக்கு அவள் வந்திருக்கிறாள். நேற்று மதியம் இரண்டு பேரும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் சுடுதண்ணீர்த் துணியுமாக உட்கார்ந்து தாளை உரித்தோம். ஒரு விரல் அகலம் வர அரை மணி நேரம். அவள் மறுபடியும் ஆரம்பித்தாள், "நீங்க கூட இருந்தது எவ்வளவு பெரிய..." என்று. எனக்குத் தாங்கவில்லை. துணியைக் கீழே வைத்தேன். பக்கெட், வேர்வை, தாடை, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள். "அன்னைக்கு சாயந்திரம் போன்ல என்கிட்டயும் சொன்னாங்க அத்தை. கேஸுன்னு. ஓம வாட்டர் குடிச்சிட்டுப் படும்மான்னு சொல்லிட்டேன். எனக்கு மீட்டிங் இருந்தது." தொடர்ந்து, "நீங்க இல்லன்னு சொன்னதும், உங்ககிட்ட வலியே சொல்லல, அப்ப அது நிஜமாவே கேஸாதான் இருந்திருக்கும்னு நம்பிக்கிட்டேன். நம்பணும்னு இருந்தது" என்றாள்.

பார்த்தாயா நீ செய்த வேலையை? ஒரே பொய்யை எங்கள் இரண்டு பேரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு வருடம் அவளும் நானும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் அதை விழுங்கிக்கொண்டிருந்தோம். நேற்று அவளைக் கட்டிக்கொண்டு அழுததுகூட உன்மேல் வந்த கோபத்தில்தான்.

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தாள். அழுத பசி, அள்ளித் தின்றேன். நெஞ்சைக் கரித்தது. ஒரு ஏப்பம் விட்டு, தட்டிக்கொண்டு, வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "ஒண்ணுமில்ல, கேஸு."

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படியே உன் முகம். பையை எடுத்தாள், என் கையைப் பிடித்தாள்.

"எழுந்திருங்க அத்தை. ஆட்டோ வருது."

"அய்ய, இன்னாம்மா நீ, பஜ்ஜிம்மா அது!"

"டாக்டர் சொல்லட்டும்."

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். உன் பெண் வயதுதான் இருக்கும் அந்த டாக்டர் பொண்ணுக்கு. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ்தான். எத்தனை பஜ்ஜி சாப்பிட்டீங்க?" என்றாள். ஆறு என்றேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். இந்த வயதில் ஆறு பஜ்ஜியா, அது வயிறா வேறு என்னவா என்று. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கோடு கோடாக ஓடும் அந்தக் காகிதத்தை மடித்து என் சுருக்குப்பையில் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் ஒரு கோடும் புரியாது. உனக்குத்தான் புரியும். நீ எடுக்க வேண்டியிருந்த காகிதம் அது, நீ வாங்க வேண்டியிருந்த திட்டு அது. இரண்டையும் உனக்காக நான் வாங்கிக்கொண்டேன்.