ஜெயிக்கக் கூடியவள்

டுபூக், அயோவா
ஜனவரி 5

டெல்பர்ட்டுக்கு,

இனிமேல் ஃபோனில் கூப்பிடாதே. நாம் போடுகிற சத்தத்தில் அக்கா எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள், இடுப்பில் தையல் போட்டிருக்கிறவள். சொல்ல வேண்டியதை எழுது. எழுதினால் குறுக்கே பேச முடியாது.

அக்காவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் வந்திருக்கிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாயாமே. சொல்லிக்கொள். உண்மை உனக்கும் எனக்கும் தெரியும். நன்றி நாள் விருந்தில், நம் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் நான் செனட்டர் பிரிஞ்சர் பக்கம்தான் நிற்பேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ வான்கோழியை அறுத்துக்கொண்டே என்ன சொன்னாய்?

"பிடிக்கிறது வேற, ஜெயிக்கிறது வேற மார்லிஸ். எனக்குக்கூட அந்தக் காலத்துல ராமோனாவைத்தான் பிடிச்சுது. கிடைக்க மாட்டாள்னு தெரிஞ்சுது, உன்னைக் கேட்டேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

உன் தம்பி குடும்பம் மொத்தமும் சிரித்தது. ராமோனா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். சிரித்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். என் சொந்தச் சித்தப்பா மகள், இந்த வயதில் அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது, டெல்பர்ட். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எரிகிறது.

பன்றிகளின் தண்ணீர்த் தொட்டி உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்.

மார்லிஸ்


எல்க் கிரீக்
ஜனவரி 11

அன்புள்ள மார்லிஸ்,

பேச்சுவாக்கில் சொன்ன ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவார்களா? அதுவும் அரசியல் உதாரணம்!

போன இரண்டு தடவையும் மனசுக்குப் பிடித்தவர்களை நிறுத்தி மண்ணைக் கவ்வினோம். நான் நிற்கிற கவர்னர் ஹால்ட்ரூப் பேசினால் எனக்கே தூக்கம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நவம்பர்த் தேர்தலில், இரண்டு பக்கமும் சாய்கிற ஒஹாயோவில் அவருக்கு ஓட்டு விழும். எதிர்க்கட்சிக்காரனே நாலு பேர் போடுவான். உன் பிரிஞ்சர் அம்மாவுக்குக் கைதட்டல்தான் விழும்.

இன்னொன்று. மாட்டு டாக்டர் ஆர்லோ உனக்குக் கடிதம் போடுகிறாராம், தபால் நிலைய டோரிஸ் அங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். பிரிஞ்சர் அணிக்கு நம் ஊரில் அவர்தான் தலைவராம். நம் தாய்ப்பன்றிக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினால் வர நேரமில்லை, உனக்கு எழுத மட்டும் நேரமிருக்கிறது. மனைவி இறந்தபின் அந்த ஆள் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் திரிகிறார். மாட்டுக் கொட்டகைக்கு இஸ்திரி எதற்கு? யார் பார்க்க?

தொட்டி உறையவில்லை.

உன் டெல்பர்ட்


டுபூக்
ஜனவரி 18

டெல்பர்ட்டுக்கு,

ஆர்லோ எழுதுகிறார்தான். "நீங்க என்ன நினைக்கிறீங்க, மார்லிஸ்?" என்று கேட்டு எழுதுகிறார். அந்தக் கேள்வியை நான் மூன்று தடவை படித்தேன். உனக்குச் சுருக்கென்று இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ராமோனா தினமும் வந்து கவர்னருக்காக ஊராருக்கு ஃபோன் போடுகிறாளாமே, என் சமையலறையில் உட்கார்ந்து! என் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு! கிடைக்காதவள் இப்போது வீடு தேடி வந்து கிடைக்கிறாள் போலிருக்கிறது.

உன் ஒஹாயோ கணக்குக்கு வருகிறேன். பக்கத்து வீட்டான் போட மாட்டான் என்று நீ போட மாட்டாய். நீ போட மாட்டாய் என்று அவன் போட மாட்டான். கடைசியில், "பார், அவள் ஜெயிக்கவில்லை" என்பீர்கள். அவளை ஜெயிக்காதவளாக ஆக்குவதே நீங்கள்தான். யாரை வைத்துக்கொண்டால் பிழைப்பு ஓடும் என்று பார்க்காமல் யார் வேண்டும் என்று உன்னால் ஒரு தடவையாவது சொல்ல முடியுமா? அதைச் சொல்கிறவனோடுதான் இனி ஒரு வீட்டில் இருப்பேன். இல்லாவிட்டால் அக்கா வீட்டு மாடி அறை எனக்குப் போதும்.

பிப்ரவரி எட்டாம் தேதி வேட்பாளர் தேர்வுக் கூட்டத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட அரங்கில் அணிக்கொரு மூலையாகப் பிரிந்து நிற்கும்போது, ஊர் பார்க்க, என் மூலையில் நிற்பேன்.

மார்லிஸ்


எல்க் கிரீக்
ஜனவரி 25

அன்புள்ள மார்லிஸ்,

ராமோனாவின் வீட்டில் ஃபோன் பழுது. அதனால்தான் வருகிறாள். கோப்பையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். ஆர்லோவின் பக்கத்தில் நிற்காதே. புருஷன் ஒரு மூலை, மனைவி ஒரு மூலை என்றால் ஊர் அதைத் தேர்தல் விவகாரம் என்றா நினைக்கும்? முதலில் உன் மூலையில் நின்றுவிட்டுப் போ, பரவாயில்லை. எப்படியும் உங்களுக்கு ஆள் போதாது. போதாத அணியைக் கலைத்துவிடுவார்கள், இரண்டாவதாக வேறு அணிக்குப் போகலாம். அப்போதாவது என் மூலைக்கு வா.

உன் டெல்பர்ட்


டுபூக்
ஜனவரி 29

டெல்பர்ட்டுக்கு,

இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும். யோசிக்கிறேன்.

மார்லிஸ்


எல்க் கிரீக்
பிப்ரவரி 9

அன்புள்ள மார்லிஸ்,

பனியில் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது, நீ வாட்டர்லூவில் தங்கியிருக்கிறாய் என்று உன் அக்கா சொன்னாள். பத்திரமாகத் திரும்பியிருப்பாய் என்று நம்புகிறேன்.

கூட்டம் எப்படி நடந்தது என்று ஆர்லோ எழுதுவதற்குமுன் நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் மூலையில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நல்ல கூட்டம். உங்கள் மூலையில் தலை எண்ணினார்கள். ஓர் ஆள் குறைந்தது. அந்த ஓர் ஆள் நீதான். ஆர்லோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், மனுஷன் கண் எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்டாட்டிக்காக வாசலைப் பார்க்க இவர் யார்?

அணி மாறுகிறவர்கள் மாறலாம் என்று கூட்டத் தலைவர் அறிவித்தார். உங்கள் ஆட்களை இழுக்க ராமோனா போனாள். "மார்லிஸே வரல, நீங்க எதுக்கு நின்னுக்கிட்டு? வந்திருந்தாலும் கடைசியில எங்க பக்கம்தான் வந்திருப்பா. அவளுக்கு டெல்பர்ட் சொல்றதுதான் வேதம்" என்று சிரித்தாள். அதே சிரிப்பு, மார்லிஸ். நன்றி நாள் அன்று அது என் காதில் ஏறவே இல்லை. நேற்று ஏறியது.

நான் நடக்க ஆரம்பித்தேன்.

"டெல்பர்ட், எங்க போற?" என்றாள்.

"மார்லிஸ் எடத்துல நிக்கப் போறேன்."

"அந்தம்மா நவம்பர்ல ஜெயிக்கவே மாட்டாங்கய்யா!" என்று என் தம்பி கத்தினான்.

"ஜெயிக்க மாட்டாங்கதான். எனக்கு மார்லிஸ் வேணும்டா" என்றேன். வாய் தவறித்தான் வந்தது. செனட்டர் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அரங்கமே சிரித்தது. கூட்டத் தலைவர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஆர்லோ தன் கையாலேயே என் சட்டையில் பிரிஞ்சர் பேட்ஜைக் குத்தினார். சோப்பு வாசனை அடித்தது. கூட்டம் முடிகிறவரை அவர் பக்கத்திலேயே நின்றேன். நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றால் அவர் உன் பக்கத்தில் நிற்க முடியாது அல்லவா? நீ அங்கே இல்லை என்பது எனக்கும் தெரியும். சிரிக்காதே.

உங்கள் அணி பிழைத்தது, கட்சி மாநாட்டுக்கு அனுப்ப ஒரு பிரதிநிதி இடம் கிடைத்தது. எங்களுக்கு ஒன்று குறைந்தது. தம்பி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கவர்னர்தான் ஜெயிப்பார் என்று இன்னமும் சொல்கிறேன்.

டெல்பர்ட்


டுபூக்
பிப்ரவரி 12

அன்புள்ள டெல்பர்ட்,

உன் கடிதத்துக்கு முன்னால் ராமோனாவின் ஃபோன் வந்துவிட்டது, பழுது சரியாகிவிட்டது போலிருக்கிறது. "உன் புருஷனுக்கு மூளை கலங்கிடுச்சா? ஊர் முன்னாடி என்ன பேச்சு பேசினான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். கவர்னருக்கு நஷ்டம், கட்சிக்கு நஷ்டம் என்று அடுக்கினாள். பிறகு குரல் இறங்கி, "என் புருஷன் என்னை அப்படி ஒருநாளும் சொன்னதில்ல, மார்லிஸ்" என்றாள்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் என் தொண்டையில் இருந்த குரல் அது. பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. "அப்படியா, வேற என்ன சொன்னான்?" என்று கேட்டு, முழுக்க ஒரு தடவை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வந்து நில்.

ஆர்லோவுக்குப் பதில் எழுதுவதை நான் நிறுத்தப் போவதில்லை. அந்த மனிதர் கேட்பதெல்லாம் கட்சி விஷயம்தான், இருந்தாலும் நிறுத்த மாட்டேன். நீ கொஞ்ச நாள் வயிறு எரிந்துகொண்டிரு. எனக்கு அது வேண்டியிருக்கிறது.

உன் மார்லிஸ்