ஒரு குண்டு மிச்சம்

ஜூலை 10, வியாழன். போயா, பௌர்ணமி விடுமுறை.

விடியும்வரை மழை. ஏழு மணிக்கு விட்டது. கிளினிக் இல்லை, தொழிலாளர் லயங்களுக்குப் போக வேண்டியதில்லை. சைக்கிள் நாள்.

வழக்கமான வரிசை:

1. சேறு காய்ந்த பிறகு ஈரத்துணி. காயுமுன் தொடக்கூடாது.
2. செயின். மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ்.
3. பிரேக் கட்டைகள். இடது தேய்ந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் தாங்கும்.
4. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டல். ஒன்று வேறு ஓசை என்று தோன்றியது. மறுபடி தட்டினேன். இல்லை. சரி.
5. முன்சக்கரத்தின் அச்சைக் கழற்றிக் கழுவல். மாதம் ஒருமுறை, போயாவில் மட்டும்.

ஐந்தில்தான் தகராறு. அச்சின் இடப்பக்கம் பத்து பேரிங் குண்டு, வலப்பக்கம் பத்து. பக்கத்துக்கு ஒரு சிரட்டை. பால்வெட்டும் மாரி மே மாதம் கொடுத்த பழைய ரப்பர்பால் சிரட்டைகள். கழுவி, கிரீஸ் வைத்து, எல்லாவற்றையும் பதித்தேன். இருபதும் உட்கார்ந்தன. இடப்பக்கச் சிரட்டையில் இன்னும் ஒன்று.

மறுபடி கழற்றினேன். இடம் பத்து. வலம் பத்து. கையில் ஒன்று. அதற்கு இடமே இல்லை. திணித்தால் சக்கரம் இறுகுகிறது.

முப்பத்தாறு வருடம் தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை எண்ணிய கை இது.

ராஜம் வாசலில் நின்று பார்த்தாள். "மிச்சந்தானேங்க? கொறஞ்சாத்தான் கவலப்படணும்." சொல்லிவிட்டு, அடுப்பில் பருப்பு என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

குறைந்தால் காரணம் தெரியும்: தொலைந்தது. மிச்சத்துக்கு என்ன காரணம்?

ஞாயிறு வரக்காப்பொலையிலிருந்து வாசுகி வருகிறாள். என் சைக்கிள் விஷயமாக. போன மாதம் தெஹியோவிட்டச் சந்தியில் சைக்கிளிலிருந்து இறங்கி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன். யாரோ பார்த்து மகளிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு நிமிடம்தான். இரண்டாகவும் இருக்கலாம். "அப்பா, ஓட்றதா வேணாமான்னு நேர்ல வந்து முடிவு பண்ணுவோம்" என்றாள் போனில். அவள் வரும்போது கையில் கணக்கில்லாத ஒரு குண்டோடு நிற்பதா?

ஜூலை 11, வெள்ளி.

தூறல். அட்டை இரண்டு, இடது கணுக்காலில். சைக்கிள் நன்றாக ஓடியது. அதுவே குழப்பம். ஒன்று அதிகமாயிருந்தும் எல்லாம் சரியாக இருக்கிறது.

கிளினிக் மருந்தை வாங்கிவர நடக்கமுடியாத ஆறு பேருக்கு, வாங்கி, உறையில் பிரித்துக் கொடுத்து வருகிறேன். இன்று கீழ்ப்பிரிவில் மூன்று. செல்லாயி (பிரஷர், 78 வயது, வாய் மட்டும் 20) சக்கரத்தைத் தடவிப் பார்த்து:

"டாக்டரய்யா சைக்கிளு வாரத்துக்கு ரெண்டு தரம் குளிக்குது. எங்க லயத்துப் பைப்புல மூணு நாளாத் தண்ணி இல்ல. அடுத்த பொறப்புல அய்யா வீட்டு சைக்கிளாப் பொறக்கணும் சாமி."

நான் டாக்டர் இல்லை என்று முப்பத்தாறு வருடமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

மாலை. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூன் போயா, என் கையெழுத்து: "இடப்பக்கம் ஒன்பதுதான். அரை மணி நேரம் தேடல். ராஜம் குரோட்டன் செடியடியில் கண்டெடுத்தாள். பத்து." ஆக, ஜூனில் கணக்கு முடிந்திருக்கிறது. இருபது.

சிரட்டைகளைக் கழுவப் போனேன். மண்ணெண்ணெய் பட்டு இடப்பக்கச் சிரட்டையின் அடியில் பழைய ரப்பர் தோல் உப்பிக் கிடந்தது. நகத்தால் உரித்தேன். நடுவில் ஒரு சின்ன உருண்டைக் குழி. மிச்சக் குண்டை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அதன் தடமேதான்.

ஆக ஜூனில் தொலைந்தது தொலையவே இல்லை. ரப்பருக்குள் புதைந்து ஒரு மாதம் சிரட்டையிலேயே இருந்திருக்கிறது. நேற்று ரப்பர் உப்பி அதை வெளியே விட்டிருக்கிறது.

அப்படியானால் ராஜம் கண்டெடுத்தது எது?

அ) வேறு குண்டு, தற்செயலாகச் செடியடியில். (நம்ப முடியாது.)
ஆ) ஜூனிலேயே நான் தவறாக எண்ணினேன்.
இ)

இ-க்கு ஒன்றும் தோன்றவில்லை. ராஜத்திடம் கேட்க வாய் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி.

வெயில். ரொட்டி விற்கும் சூன் பாண் வண்டி பாட்டோடு வந்தது. இரண்டு பணிஸ்.

வேலியோரம் பியசேன. லொறி ஓட்டி ஓய்வு பெற்ற சிங்களவர். இருபது வருடப் பக்கத்து வீடு. அவருடைய துருப்பிடித்த சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாய்ந்தே கிடக்கும். குண்டைக் காட்டி, இது எந்த அளவு என்று தெரியுமா என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

"மஹத்தயா, நம்ம பைசிக்கிள்ளயும் இதேதான். போன மாசப் போயா ஒங்க வீட்டு நோனா வந்து ஒண்ணு கேட்டுச்சுதானே? நான்தான் கழட்டிக் குடுத்தது. மஹத்தயாட்ட சொல்ல வேணாம் சொல்லிச்சு." பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "அபோய்! சொல்லிட்டேன் நே."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இ) ராஜம்.

சந்தோஷப்பட வேண்டும். நான் தப்பாக எண்ணவில்லை. ஒன்பது என்றது ஒன்பது, இருபத்தொன்று என்றது இருபத்தொன்று. ஆனால் மத்தியானம் ராஜத்தின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

பிரேக் கட்டை வாங்க வேண்டும். மறக்கக்கூடாது.

ஜூலை 13, ஞாயிறு.

மூடிய வானம். வாசுகி பத்து மணி பஸ்ஸில் என்றாள். எட்டு மணிக்கு, தேங்காய் துருவிக்கொண்டிருந்த ராஜத்தின் முன் குண்டை வைத்தேன். அவள் துருவலை நிறுத்தவில்லை.

"பியசேன அண்ணே வாய் ஒரு ஓட்ட வாளி."

"ஏன் ராஜம்?"

"அர மணி நேரமா மண்ணக் கிண்டிக்கிட்டு இருந்தீங்க. பாக்க முடியல, வேறென்ன?"

வேறு எதையெல்லாம் எனக்காகக் கண்டெடுத்தாய் என்று கேட்டேன்.

"கண்ணாடி. சாவி. அதெல்லாம் எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்." தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தாள். "செல்லாயி கவர்ல ஒரு மாத்திர கூட இருந்திச்சி. எடுத்துட்டேன்."

"எப்போ?"

"ரெண்டு தரம்."

நான் எழுந்து சைக்கிளைத் துடைத்தேன். துடைத்து முடித்ததையே துடைத்தேன்.

வாசுகியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. அவள் வந்து தேத்தண்ணி குடிக்குமுன் ராஜம் முந்திக்கொண்டாள்: "உங்கப்பா எண்ணினது சரிதாம்மா. நாந்தான் பியசேன மாமாகிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டுக் கொழப்பிட்டேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை. மாத்திரை பற்றி அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வாசுகி என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் எளிது.

"சரிப்பா. அடுத்த போயாவுக்குக் கழட்டும்போது அம்மா பக்கத்துல இருந்து எண்ணட்டும். கணக்கு சரியா இருந்தா ஓட்டுங்க. ஒண்ணு கூடினாலும் கொறஞ்சாலும் சைக்கிள பியசேன மாமாவுக்குக் குடுத்துரணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். நியாயம்தான்.

மிச்சக் குண்டைச் சாமித் தட்டில், திருநீற்றின் மேல் வைத்தேன். வேறெங்கே வைப்பது? இனி உறைகளை ராஜமும் எண்ண வேண்டும், ஒளிக்காமல், என் முன்னாலேயே.

ஆகஸ்ட் 8, வெள்ளி. போயா.

நான்கு வாரமாக எழுதவில்லை. மழை. பலா மரத்தில் ஒரு கிளை முறிந்தது. செல்லாயிக்குச் சளி. இடது பிரேக் கட்டை மாற்றியாயிற்று.

இன்று ஒன்பது மணிக்கு ஆரம்பம். ரப்பர் சிரட்டைகள் வேண்டாம் என்று இரண்டு பீங்கான் கோப்பைகள். ராஜம் எதிரே பலகையில், முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டு. தெருவில் பௌத்தப் பன்சலைக்குப் போகும் வெள்ளை உடைகள். பியசேன வேலிக்கு மேல் தலையைக் காட்டினார். ராஜம் ஒரு பார்வை பார்த்தாள். தலை மறைந்தது.

வலப்பக்கம் பத்து. இருவருக்கும் பத்து.

இடப்பக்கம். எடுக்கும்போது கிரீஸ் வழுக்கியது. ஏதோ தெறித்ததுபோல் இருந்தது. சத்தம் கேட்டதா இல்லையா தெரியவில்லை. கோப்பையில் விரலால் நகர்த்தி எண்ணினேன். ஒன்பது. மறுபடி. ஒன்பது. நிமிரவில்லை.

"உள்ள போயி கண்ணாடிய எடுத்துக்கிட்டு வாங்க. கண்ணாடியில்லாம எண்ணினா எப்புடி?" என்றாள்.

போய் எடுத்து வந்தேன். அவள் கோப்பையை என் பக்கம் தள்ளி, உரக்க எண்ணினாள். "எட்டு. ஒம்பது. பத்து. சரியா?"

பத்துதான் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நானே எண்ணினேன். பத்து.

பூட்டி முடித்துச் சுழற்றிவிட்டேன். சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றியது. "பாத்தீங்களா?" என்று அவள் சமைக்கப் போனாள். வாசுகிக்குப் போனில் சொல்வதும் கேட்டது: "எல்லாம் சரியா இருக்கும்மா. நானே எண்ணினேன்."

கை கழுவிவிட்டுச் சாமித் தட்டைப் பார்த்தேன். திருநீற்றில் ஒரு சின்னக் குழி. குண்டு இல்லை.

முன்சக்கரம், இடப்பக்கம்: பத்து.

நாளைக்கான உறைகள் ஆறு. நான் எண்ணி, அவளும் எண்ணியவை. உறை வாயை இன்னும் ஒட்டவில்லை. போகிற வழியில் கிளினிக் மிட்வைஃப் மிஸ்ஸிடம் மூன்றாவது தரம் எண்ணக் கொடுக்க வேண்டும்.