பட்டம் வெட்டிய விரல்கள்

ராஜ்கோட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மன்சுக்,

கிழித்துப் போடாமல் படி. நம் குழாய்க் கம்பெனியில் விபத்துப் பதிவேடு இப்போது என் பொறுப்பு.

நேற்றுக் குழாய் வெட்டும் ரம்பத்தில் ரேவாபென்னின் கட்டைவிரல் கிழிந்து ஆறு தையல். வாசல் பலகையில் ‘விபத்தில்லாத நாள் 912’ என்றிருந்தது.

"வீட்ல காய் நறுக்கும்போது வெட்டிக்கிச்சுன்னு எழுதுப்பா. ஆயிரம் நாளானா விருது" என்றார் மேனேஜர்.

நாலு வருஷத்துக்கு முன் உன் இரண்டு விரல் போனபோதும் இப்படித்தான். பட்டம் விடும்போது மாஞ்சா நூல் அறுத்தது என்று அவர் எழுதினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

"ரம்பம்னுதான் எழுதுவேன் சாகேப். மன்சுக் விரலும் ரம்பத்துலதான் போச்சுன்னு சேர்த்து எழுதுவேன்" என்றேன்.

"உன் வேலை போயிடும்டா."

"போனா அதையும் பதிவேட்டுல ஏத்திடுறேன்."

ரேவாபென் சிரித்துவிட்டார். கட்டுப்போட்ட கையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். வெட்டும் பிரிவே பின்னால் வந்து நின்றது. மேனேஜர் திரும்பிப் போய்விட்டார்.

இன்று பலகையில் பூஜ்யம். ரம்பத்துக்கு இரும்பு மூடி போட்டாயிற்று.

வியாழக்கிழமை அரசாங்க ஆய்வாளர் வருகிறார். உன் விபத்துப் பதிவைத் திருத்தி, அதன் கீழ் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு இடம் விட்டிருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம். வந்து கையெழுத்து மட்டும் போடு.

இப்படிக்கு,
உன் விரல்களைப் பற்றிப் பொய் சொன்னவன்