தலைவருக்குப் புல் கேட்டு ஜெபித்தது

அன்பு மகள் வாலுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், உடம்பு முடியாதவள் பெற்ற தகப்பனை இத்தனை பக்கத்துக்குத் திட்டி எழுத மாட்டாள். முதலில் ஒரு திருத்தம். உன் அத்தை போனில் சொன்ன மாதிரி என்னைப் போலீஸ் பிடிக்கவில்லை, விலங்கு மாட்டவில்லை, ஆலயத்தின் நடுவில் அம்மா மயங்கி விழவும் இல்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள், அவ்வளவுதான், அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. என் பெயரில் நீயே எழுதி அனுப்பியிருக்கும் மன்னிப்பையும் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். அதை எழுதியது நான்தான் என்று எவனாவது நம்பினால் அவனுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணமான கையோடு நீ என்று வந்ததால் நமக்குள் பெரிய வயது வித்தியாசமில்லை, அதற்காக நீ எனக்கு அக்கா ஆகிவிட முடியாது. குவார்ட்டர்ஸ் போய்விடுமே, வேலை போய்விடுமே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் வாய் தேய்ந்தா போய்விடும் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், அப்புறம் திட்டு.

புது நகராட்சித் தலைவர் வந்ததிலிருந்து அவருடைய படம் இல்லாத சுவர் இல்லை. தண்ணீர் லாரியில் அவர், வரிச் சீட்டில் அவர், பம்பு ஹவுஸில் பிரஷர் மீட்டருக்கு மேலேயும் அவர், மீட்டரைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தினால் அவர் சிரிப்பில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அது போகட்டும், படம் யாரையும் கடிப்பதில்லை. ஆனால் அலுவலக வாசலில் ஒரு நீரூற்று கட்டி, பகலெல்லாம் அது ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதே பைப் லைனின் கடைசியில்தான் அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாசலில் நீர் ஆளுயரத்துக்கு எழும்பினால் ஆஸ்பத்திரி மாடியில் குழாய் இருமும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். பிரசவ வார்டுக்கு நர்ஸுகள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், நான் தண்ணீர் விடுகிற இன்ஜினியர் என்பதை மட்டும் பார்வையில் ஞாபகப்படுத்துவாள். நானும் மேலே எழுதிப் பார்த்தேன், நேரில் சொல்லிப் பார்த்தேன், செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்த நிலைமையில்தான் ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கும் முறை நம் வீட்டுக்கு வந்தது. உனக்குத் தெரியுமே, நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஒரு குடும்பம் எழுந்து அதைச் செய்ய வேண்டும், ஞானம் கொடும், நீண்ட ஆயுள் கொடும் என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். எழுதி வைத்துப் படியுங்கள் என்று போதகர் முன்கூட்டியே கெஞ்சினார், என்னை அவருக்குத் தெரியும். நான் கேட்டேனா? வேதத்தில் வரும் அந்த அகங்கார ராஜாவின் கதையை மனதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். ராஜாக்களை ஏற்றுகிறவரும் இறக்குகிறவருமான ஆண்டவரே, இந்தப் பெரிய நகரம் நான் கட்டியது என்று மாடியில் நின்று மார்தட்டிய அந்த ராஜாவை மாட்டோடு மாடாகப் புல் தின்ன வைத்தீரே, எங்கள் தலைவருக்கும் அந்த வைத்தியம் தேவைப்பட்டால் தயங்காதேயும், மாடுகளுக்கு மட்டும் கஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஆமென் என்று ஒரே ஒரு குரல்தான் கேட்டது, அதுவும் காது கேட்காத பெரியவருடையது. கண்ணைத் திறந்தால் மூன்றாவது வரிசையில் தலைவர். அவருடைய பெரியம்மாவின் நினைவு ஆராதனைக்கு வந்திருக்கிறார். கண்ணை மூடி ஜெபிக்கும் ஜனங்களுக்கு மட்டுமே நேரக்கூடிய விபத்து இது.

மறுநாளே ஆள் அனுப்பினார். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்றல், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். போதகர் வந்தார், கையைப் பிசைந்தார். அதிகாரம் எல்லாம் கடவுளால் உண்டானது என்று அப்போஸ்தலன் எழுதவில்லையா என்றார். எழுதினார், எழுதியவரை அந்த அதிகாரமே கொன்றது என்றும் சொல்கிறார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். பாவம் மனிதர், ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன். ராஜாவின் மனசு கடவுள் கையில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, விரும்பிய பக்கம் திருப்புவார் என்று வேதத்திலேயே இருக்கிறது. அப்படியானால் தலைவர் என்பவர் லைனில் இருக்கும் ஒரு வால்வு. ஊற்று வேறு இடத்தில். வால்வு தன்னையே ஊற்று என்று நினைத்துக்கொண்டால் அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணித்தான் ஆக வேண்டும், இதில் நான் கேட்டது என்ன தப்பு? அம்மா துணி மடித்துக்கொண்டே, "அப்போ நீங்க மட்டும் என்ன, ஊத்தா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தோடு விட்டாளா? "நீங்க அவருக்காக ஜெபிச்சீங்களா, அவர் மேல கல்லெறிஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டு மடித்த துணியை என் கையிலேயே கொடுத்துப் போனாள்.

உன் அறைத் தோழியான அந்த யூதப் பெண் சொன்னதாக நீ போன தடவை எழுதியிருந்தாயே, அதை அப்போதுதான் தேடி எடுத்துப் படித்தேன். அவளுடைய அப்பா சனிக்கிழமைதோறும் தங்கள் ஜெபவீட்டில் அரசாங்கத்துக்காக ஜெபிப்பார், அரசாங்கத்தைப் பார்த்தாலோ அவருக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று. அவளுடைய முன்னோர் சிறைப்பட்டுப் போன ஊரிலேயே அந்த ஊரின் நன்மைக்காக வேண்டிக்கொண்டவர்கள், அரசு என்று ஒரு பயம் இல்லாவிட்டால் மனிதன் மனிதனை உயிரோடு விழுங்கிவிடுவான் என்று அவர்களின் அறிஞர் ஒருவர் சொன்னாராம். அதே ஜனம்தான் ராஜா வேண்டும் என்று அடம்பிடித்தபோது, உன் பிள்ளையை எடுப்பான், உன் வயலை எடுப்பான், அப்புறம் அழாதே என்று கடவுள் எச்சரித்ததையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாவைக் கும்பிடவும் மாட்டார்கள், கைவிடவும் மாட்டார்கள். உங்கள் அறையில் இதையெல்லாம் பேசுவதற்கு நேரம் இருக்கிறது, படிப்பதற்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எப்படியோ, புல் தின்ற ராஜாவின் கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவனுக்கு வரப்போவதைச் சொல்ல வேண்டியிருந்த அந்தத் தீர்க்கதரிசி சந்தோஷப்படவில்லை. கலங்கி உட்கார்ந்துவிட்டான், ராஜாவே, இது உம் எதிரிகளுக்கு வரட்டும் என்றான். அந்த ராஜாவோ அவனுடைய ஊரைக் கொளுத்தி அவனை இழுத்துக்கொண்டு வந்தவன். நான் ஒரு நீரூற்றுக்கே இந்தக் குதி குதித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பார்க்க வேண்டுமே, வருஷக்கணக்காக வராதவர்கள் கூட முன் வரிசையில். தலைவர் வரவில்லை, அவருடைய டிரைவர் கடைசி பெஞ்சில் இருந்தார். நான் எழுந்து, போன வாரம் பாதிதான் ஜெபித்தேன், மீதியை முடித்துவிடுகிறேன் என்றேன். ஆண்டவரே, அந்த ராஜா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான், புத்தியையும் ராஜ்யத்தையும் திருப்பிக் கொடுத்தீர். எங்கள் தலைவர் அவ்வளவு தூரம் போகாமலே நிமிர்ந்து பார்க்க உதவி செய்யும். இந்த ஊர் அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஆஸ்பத்திரி மாடிக்குத் தண்ணீர் ஏறட்டும். இவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை இதில் இல்லை என்று போதகர் முகத்திலேயே தெரிந்தது. இந்தத் தடவை ஆமென் பரவாயில்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை தலைவர் பம்பு ஹவுஸுக்கே வந்துவிட்டார். பின்னால் ஒரு ஆள் இல்லை, மாலை இல்லை. தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த ராஜா திரும்பி வந்து அதே நாற்காலியிலயா உட்கார்ந்தான்?" என்று கேட்டார். நான், "அதே நாற்காலிதான் ஐயா. ஆனா அது தன்னோடது இல்லைன்னு தெரிஞ்சு உட்கார்ந்தான்" என்றேன். பம்பு சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. ஆஸ்பத்திரி வால்வு எது என்றார், காட்டினேன். திறக்கச் சொன்னார், நீரூற்றின் வால்வை அடைக்கச் சொன்னார், தான் சொன்னதாக வெளியே போகக்கூடாது என்றும் சொன்னார். மாற்றல் விஷயத்தை நானே கேட்டேன், எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "உத்தரவு போட்டாச்சு இன்ஜினியர். திரும்ப வாங்கினா நான் பயந்துட்டேன்னு சொல்லுவாங்க" என்றார். சொல்லட்டுமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்கிறேன் கேள், ஆழம் தெரியாமல் காலை விட்டவன் கரையில் நிற்பவனைப் பார்ப்பானே, அப்படி. எனக்கு அந்த மனிதர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. அவர் போன பிறகு அங்கேயே, கண்ணைத் திறந்துகொண்டே, அவருக்காக ஒரு வார்த்தை ஜெபித்தேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

ஆகவே மகளே, குவார்ட்டர்ஸ் போய்விட்டது. கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு கிடைத்திருக்கிறது, காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஜன்னலைத் திறக்கலாம். உன் சாமான்களை எல்லாம் கட்டியாகிவிட்டது, அந்த ஓட்டை கிதாரையும் சேர்த்து, அதைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை, அம்மா விடவில்லை. அம்மாவின் தோள் வலி குறைந்திருக்கிறது, இப்போது அவள் வாளி சுமப்பதில்லை. வேலை போகவில்லை, மாறியிருக்கிறது. ஊர் விடும் தண்ணீரைச் சுத்தம் பண்ணுவதும் தண்ணீர் வேலைதான், அங்கே இருக்கும் பம்புகளை எவனோ கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருக்கிறான், எனக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருந்தால் வீடு மிஞ்சியிருக்கும் என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் அவர்தான் ஊற்று என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும், அதை என்னால் முடியவில்லை. நீ பயப்படாதே, அழுதுகொண்டு டிக்கெட் போடாதே, தேர்வை எழுது.

நாடுகளையும் அதில் உட்கார்ந்து ஆளுகிறவர்களையும் கையில் வைத்திருப்பவர் உன்னையும் அந்த யூதப் பெண்ணையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அவள் அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லச் சொல். தலைவர் பம்பு ஹவுஸுக்கு வந்ததை மட்டும் அத்தையிடம் மூச்சு விடாதே, அந்த மனிதர் என்னை நம்பிச் சொன்னது. இரவில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே.

இப்படிக்கு, எந்த நகராட்சியாலும் மாற்ற முடியாத ஒரே பதவியில் நீடிக்கும்,
உன் அப்பா.