பட்டியலில் தம்பியின் கால்சைன்

என்னங்க,

சாப்பாடு மேசைல மூடி வச்சிருக்கேன். ரேடியோல இரைச்சல் வருதுன்னு ஃபிரிட்ஜை நிறுத்தினா, மறக்காம திரும்பப் போடுங்க. நேத்து பால் திரிஞ்சு போச்சு.

நாலு மணிக்கு உங்க தம்பி பொண்டாட்டி வர்றா. தம்பி போன கப்பல் காணாமப் போய் ஏழு மாசம் ஆச்சு. இப்பதான் அவ நாலு வாய் ஒழுங்கா சாப்பிடறா. தம்பியோட கால்சைன், ரேடியோல அவருக்குன்னு இருக்கற அந்த அடையாள எழுத்து, வந்துச்சுன்னு அவளுக்கு ரேடியோவுல மாட்டியிருக்கற கம்ப்யூட்டரைக் காட்டாதீங்க.

காலைல நீங்க அதைக் காட்டினப்ப நான் கத்தினது தப்புதான். ஆனா நீங்கதானே சொன்னீங்க, சிக்னல் ரொம்ப சன்னமா இருந்தா, நாம குடுத்த கால்சைன் பட்டியலைப் பார்த்து கம்ப்யூட்டர் ஊகிக்கும், சில சமயம் வெறும் இரைச்சலைக்கூட யாரோ கூப்பிடறதா காட்டிடும்னு? பட்டியல்ல முதல்ல இருக்கறதே தம்பிதான்.

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

பி.கு: நேர்ல சொல்ல மனசு வரல. நேத்து நீங்க குளிக்கப் போனப்ப நானும் உட்கார்ந்து பார்த்தேன். வந்துச்சுங்க, தம்பி கால்சைன், ஒரு எழுத்து பிசகாம. உங்களைக் கூப்பிட வாயைத் திறந்துட்டேன். அப்பதான் பார்த்தேன், இடி இடிக்குதுன்னு ரேடியோல இருந்து நீங்க கழட்டின ஏரியல் வயர் தரையிலயே கிடந்துச்சு.